வலிய அச்சு மட்டும் போதுமா?



இவ்வலைப்பூவில் வழக்கமாக இலக்கணம், வாசிப்பு, தேர்வு வழிகாட்டி என்று எழுதி வருகிறேன். இம்முறை பொருள் சற்றே வேறு. பழைய லேண்ட் ரோவர் வண்டி ஒன்றின் பின் அச்சைக் கழற்றிவிட்டு, வேறொரு வண்டியிலிருந்து எடுத்த வலிய அச்சைப் பொருத்திய கதை இது. வண்டிக் கதை ஆசிரியர்க்கு எதற்கு என்று எண்ண வேண்டா. பொறுமையாகப் படித்தால் இதில் கணிதம் உண்டு, அறிவியல் உண்டு, திருக்குறளும் உண்டு.

திருக்குறளில் வலியறிதல் அதிகாரத்தில் வரும் 475ஆம் குறளை நாம் அனைவரும் கற்பித்திருக்கிறோம். மயிலிறகு எவ்வளவு இலேசானது! அதையே அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துபோகும் என்பது அதன் பொருள். பிறிதுமொழிதல் அணிக்கு எடுத்துக்காட்டு என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த குறளுக்குச் சென்றுவிடுவது வகுப்பறை வழக்கம். அச்சு எவ்வாறு முறிகிறது, முறிந்தால் வண்டியில் இருப்போர்க்கு என்ன நேரும் என்பன பாடநூலில் வருவதில்லை. எனக்கு அது 2023ஆம் ஆண்டு இறுதியில், ஒரு பட்டறையின் சிமெண்டுத் தரையில் விளங்கியது.

மலையும் வண்டியும்

பகாங் மாநிலத்தின் கேமரன் மலைக்குச் சென்றவர்கள் அங்குள்ள பழைய லேண்ட் ரோவர்களைக் காணாமல் திரும்பியிருக்க முடியாது. தானா ராத்தாவிலிருந்து கம்போங் ராஜா வரை, சாலையோரத்திலும் காய்கறித் தோட்டங்களின் செம்மண் சரிவுகளிலும் அவை நிற்கும். முட்டைக்கோசும் தக்காளியும் உரமூட்டைகளும் அவற்றின் முதுகில்தான் ஏறி இறங்குகின்றன. சில வண்டிகள் என் வயதையும் கடந்தவை.

லேண்ட் ரோவர் முதன்முதலில் 1948ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 வரை நீடித்த அக்காலத்தில் படையினர் இவ்வண்டியைக் காட்டுப் பாதைகளில் ஓட்டினர். தோட்டத் துரைமார்களும் ஓட்டினர். மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929இலேயே தொடங்கப்பட்டிருந்தது. அத்தகைய தோட்டங்களில் உழைத்த நம்மவர் குடும்பங்கள் பலவற்றில் லேண்ட் ரோவர் என்றால் ஒரு தலைமுறையின் நினைவே எழும்.

என் மைத்துனர் அம்மலையில் காய்கறி பயிரிடுபவர். அவரிடம் இருப்பது மூன்றாம் வரிசை லேண்ட் ரோவர். இவ்வரிசை 1971 முதல் 1985 வரை தயாரிக்கப்பட்டது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 88 அங்குலம் உள்ள வண்டியைக் ‘குட்டை வண்டி’ என்பார்கள். 109 அங்குலம் உள்ளது ‘நீள வண்டி’. மைத்துனருடையது குட்டை வண்டி. டீசல் இயந்திரம் கொண்டது.

முறிந்தது எது?

அச்சு முறிந்தது என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், பெரும்பாலும் முறிவது வெளியே தெரியும் குழாய் அன்று. அக்குழாயின் நடுவில் பூசணிக்காய் போன்ற ஓர் உருண்டை இருக்கும். அதனுள் டிஃபரன்ஷியல் என்னும் பற்சக்கரத் தொகுதி உள்ளது. அதிலிருந்து இடச் சக்கரத்துக்கு ஒன்றும் வலச் சக்கரத்துக்கு ஒன்றுமாக இரண்டு எஃகுத் தண்டுகள் குழாய்க்குள் செல்கின்றன. பட்டறையில் இவற்றை ‘ஆஃப் ஷாஃப்ட்’ என்பர். நாம் அரைத்தண்டு எனலாம். இயந்திரத்தின் விசை சக்கரத்தை அடைவது இவ்வழியாகத்தான். முறிவது இந்த அரைத்தண்டு.

மைத்துனரின் வண்டி ஒரு சரிவில் சுமையுடன் நின்றிருந்தது. கைபிரேக் இழுக்கப்பட்டிருந்தது. புறப்பட எண்ணி இரண்டு சக்கர இயக்கத்திலேயே கிளட்சை விட்டபோது பின்புறத்தில் ‘டணார்’ என்று ஓர் ஓசை. வண்டி முன்னேறவில்லை, பின்னோக்கி நகரத் தொடங்கியது. கைபிரேக்கை மீண்டும் இழுத்தார். பயன் இல்லை. கால்பிரேக்கை மிதித்து நிறுத்திக்கொண்டு உரக்கக் குரல் கொடுத்தார். பின்னால் நின்ற தொழிலாளி விலகிக் குதித்து, ஒரு மரக்கட்டையைச் சக்கரத்தின் அடியில் தள்ளினார். யாருக்கும் காயமில்லை.

கைபிரேக் ஏன் கைவிட்டது? இதைத்தான் வண்டி வைத்திருப்போர் பலரும் அறிந்திருப்பதில்லை. இக்காலத்து மகிழுந்துகளில் கைபிரேக் பின் சக்கரங்களையே பிடிக்கும். இந்தப் பழைய லேண்ட் ரோவரில் அது கியர் பெட்டிக்குப் பின்னால், பின் அச்சுக்குச் செல்லும் உந்துதண்டைப் பிடிக்கிறது. அரைத்தண்டு முறிந்துவிட்டால் உந்துதண்டுக்கும் சக்கரத்துக்கும் உள்ள உறவு அறுந்துபோகிறது. ஒரு பக்கம் மட்டும் முறிந்தாலும் போதும். டிஃபரன்ஷியல் முறிந்த பக்கத்தைச் சும்மா சுழலவிட்டு, மறு சக்கரத்தையும் உருளவிடும். அந்நேரத்தில் கைபிரேக் எதையும் பிடிக்காது. இயந்திரத்தின் தடுப்பாற்றலும் உதவாது. ஆக, அரைத்தண்டு முறிவது வேலை தடைப்படும் சிறு தொல்லையாக முடிவதில்லை. சரிவில் அது உயிருக்கே உலை வைக்கும்.

ஏன் முறிகிறது?

பட்டறைக்கு வண்டியைக் கொண்டு சென்றபோது விடுமுறையாதலால் நானும் உடன் சென்றேன். பட்டறை நடத்துபவர் 2004ஆம் ஆண்டில் என்னிடம் ஆறாம் ஆண்டு பயின்ற மாணவர். அக்காலத்து யு.பி.எஸ்.ஆர். தேர்வில் கணிதம் அவருக்குக் கைகொடுக்கவில்லை. இடைநிலைப்பள்ளிக்குப் பிறகு திறன் பயிற்சி நிலையத்தில் சேர்ந்து மலேசியத் திறன் சான்றிதழ் பெற்றார். இன்று மலைப்பாதை வண்டிகள் என்றால் அவரைத் தேடி வருகிறார்கள். “வாங்க ஐயா” என்று கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி போட்டார்.

முறிந்த தண்டை வெளியே எடுக்கச் சக்கரத்தைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை. சக்கரத்தின் நடுவில் உள்ள ஆறு போல்ட்டுகளை அவிழ்த்தால் தண்டு உருவிக்கொண்டு வரும். முறிந்த முகத்தைத் துடைத்து என்னிடம் காட்டினார். ஒரு பகுதி வழவழப்பாக, மரத்தின் வளையங்கள் போன்ற கோடுகளுடன் இருந்தது. மற்றொரு பகுதி உடைத்த கல் போல் சொரசொரப்பாக இருந்தது.

“இந்த வழவழப்பான இடம் பல மாதமாகச் சிறிது சிறிதாக விரிந்தது, ஐயா. சொரசொரப்பான இடம் அன்று ஒரு நொடியில் முறிந்தது. அன்று ஏற்றிய சுமை மட்டும் முறிக்கவில்லை” என்றார்.

மயிலிறகுக் குறளுக்கு இதைவிடத் தெளிவான உரையை நான் கேட்டதில்லை.

இனி எண்களைப் பார்ப்போம். இவ்வண்டியின் முதல் கியர் விகிதம் 3.68. தாழ்நிலையில் டிரான்ஸ்ஃபர் பெட்டியின் விகிதம் 2.35. அச்சின் விகிதம் 4.7. மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 40.7 வரும். அதாவது இயந்திரத்தின் முறுக்குவிசை சக்கரத்தை அடையும்போது நாற்பது மடங்குக்கும் மேலாகிறது. டீசல் இயந்திரம் தருவது சுமார் 140 நியூட்டன் மீட்டர். உராய்வு இழப்பைக் கணக்கில் கொள்ளாவிட்டால், அச்சுகளை எட்டுவது ஏறத்தாழ 5,700 நியூட்டன் மீட்டர். ஏற்றத்தில் முன் சக்கரங்கள் பாரம் குறைந்து பிடிமானம் இழக்கும்போது இவ்விசையில் பெரும்பகுதியைப் பின் அச்சு தாங்க நேர்கிறது. இரண்டு அரைத்தண்டுகளும் அதைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன.

சேற்றில் வீணே சுழலும் சக்கரம் திடீரென ஒரு பாறையைக் கவ்விப் பிடித்தால் அதிர்ச்சி விசை இக்கணக்கையும் மீறும். மேலும், மலையில் உள்ள பழைய வண்டிகள் பலவற்றில் இயந்திரம் மாற்றப்பட்டிருக்கிறது. 200 நியூட்டன் மீட்டர் தரும் இயந்திரத்தைப் பொருத்தினால் மேற்சொன்ன 5,700 என்பது 8,100ஐத் தாண்டும். பெரிய டயர் போட்டால் தண்டின் மீது முறுக்கு இன்னும் கூடும். இயந்திரமும் டயரும் வளர்ந்தன. அரைத்தண்டு மட்டும் பழைய அளவிலேயே நின்றது.

அதன் முனையில் டிஃபரன்ஷியலைப் பற்றிக்கொள்ள நீளவாட்டில் பத்து வரிப்பற்கள் வெட்டப்பட்டிருக்கும். அவ்விடத்தில்தான் தண்டு பெரும்பாலும் முறிகிறது. முறிவதற்கு முன்பே அந்த நேர்க்கோட்டுப் பற்கள் திருகாணிபோல் முறுக்கிக்கொண்டிருப்பதைக் காணலாம்.

மூன்று வழிகள்

மைத்துனர் முன்னிலையில் மாணவர் மூன்று வழிகளை எடுத்துரைத்தார்.

முதல் வழி, அதே அச்சில் புதிய அரைத்தண்டைப் போடுவது. செலவு குறைவு, அரை மணி நேர வேலை. ஆனால் மீண்டும் முறியும்.

இரண்டாவது வழி, பழைய ரேஞ்ச் ரோவர் வண்டியின் முன் பின் அச்சுகள் இரண்டையும் எடுத்துப் பொருத்துவது. அவற்றில் டிஸ்க் பிரேக்கும் உண்டு. மைத்துனருக்கு இதில்தான் ஆசை. தெரிந்த ஒருவரிடம் பழைய வண்டி விலைக்கு இருந்தது. “இரண்டையும் மாற்றிவிடு தம்பி, ஒரே வேலையாக முடியட்டும்” என்றார்.

மாணவர் உடன்படவில்லை. அவர் சொன்ன காரணங்கள் மூன்று. அவ்வச்சுகளின் விகிதம் 3.54. அவற்றைப் போட்டால் மொத்த விகிதம் 40.7இலிருந்து ஏறத்தாழ 30.6ஆகக் குறையும். சரிவில் சுமையுடன் ஆமைபோல் இறங்கும் ஆற்றல் அவ்வளவுக்குக் குறைந்துவிடும். இரண்டாவது காரணம் அகலம். இரு சக்கரங்களுக்கும் இடையிலான தூரம் இவ்வண்டியில் 1,308 மில்லிமீட்டர். ரேஞ்ச் ரோவரில் 1,486. ஒவ்வொரு பக்கமும் சக்கரம் ஒன்பது சென்டிமீட்டர் அளவு வெளியே துருத்தும். தோட்டத்து வரப்புப் பாதையோ பழைய அகலத்துக்கு வெட்டப்பட்டது. மூன்றாவது, அவை சுருள்வில்லுக்காகச் செய்யப்பட்டவை. இவ்வண்டியில் இருப்பது பட்டை வில். நான்கு மூலைகளிலும் வெட்டி ஒட்ட வேண்டும்.

மூன்றாவது வழி, நீள வண்டியின் பின் அச்சு. 1972ஆம் ஆண்டிலிருந்து மூன்றாம் வரிசை நீள வண்டிகளில் சாலிஸ்பரி எனப்படும் பின் அச்சு பொருத்தப்பட்டது. அமெரிக்காவின் டானா 60 என்னும் பெயர்பெற்ற அச்சின் வழி வந்தது அது. அதன் அரைத்தண்டு உள்முனையில் பத்துக்கு மாறாக 24 வரிப்பற்கள் உண்டு. தண்டும் பற்சக்கரமும் பருமனானவை. எல்லாவற்றுக்கும் மேலாக அதன் விகிதமும் 4.7. முன் அச்சைத் தொட வேண்டியதில்லை.

அதற்கும் குறைகள் உண்டு என்பதை மாணவர் மறைக்கவில்லை. அது கனமானது. நடுவிலுள்ள உருண்டை பெரிதாகையால் பாறையில் இடிக்கும். பழைய அச்சில் டிஃபரன்ஷியலை ஒரே தொகுதியாகக் கழற்றி வெளியே எடுத்துவிடலாம். சாலிஸ்பரியில் அது அச்சு உடலுக்குள்ளேயே மெல்லிய தகடுகளை இட்டு அளந்து பொருத்தப்பட்டிருக்கும். பழுதானால் சாலையோரத்தில் வைத்துப் பார்க்க இயலாது. எளிதில் முறிவது எளிதில் சரியாகும். அரிதில் முறிவது அரிதாகவே சரியாகும்.

நெடுநேரம் பேசி மூன்றாவது வழியையே தேர்ந்தார்கள்.

அச்சைத் தந்த வண்டி

அச்சுக்காக வாங்கிய நீள வண்டி வெளித்தோற்றத்தில் நன்றாகவே இருந்தது. லேண்ட் ரோவரின் மேலுடல் அலுமினியக் கலவையால் ஆனது. அதில் துரு ஏறாது. அடிச்சட்டமோ எஃகு. பல்லாண்டு மழையும் சேறும் அச்சட்டத்தை உள்ளிருந்தே தின்றுவிட்டிருந்தன. மாணவர் சுத்தியலால் இலேசாகத் தட்ட, துரு ஏடு ஏடாக உதிர்ந்தது. மேலே பளபளப்பு, அடியில் ஒன்றுமில்லை. இனி அவ்வண்டி ஓட முடியாது. ஆயினும் அதன் பின் அச்சில் இன்னும் பல்லாண்டு உழைக்கும் வலு இருந்தது.

இருபது சுற்றுக்கு நாற்பத்தேழு

அச்சு கைக்கு வந்ததும் அதன் விகிதம் உண்மையாகவே 4.7தானா என்று பார்க்க வேண்டும். முந்தைய உரிமையாளர் உள்ளே என்ன மாற்றினார் என்பதை யார் அறிவார்? முன் அச்சு 4.7ஆகவும் பின் அச்சு 3.54ஆகவும் இருந்தால், நான்கு சக்கர இயக்கத்தில் பின் சக்கரங்கள் முன் சக்கரங்களைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சுழல முயலும். இவ்வண்டியில் முன்னையும் பின்னையும் இணைக்கும் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. விசை போக இடமின்றி இறுகும். டயர் தேயும், அல்லது ஏதேனும் ஒன்று உடையும்.

மாணவர் சோதித்த முறையைப் பாருங்கள். அச்சைத் தாங்கிகளின் மேல் ஏற்றினார். ஒரு பக்கத்துச் சக்கரக் குடத்தைக் கயிற்றால் அசையாமல் கட்டினார். மறுபக்கத்திலும், உந்துதண்டு வந்து சேரும் முகப்பிலும் சுண்ணக்கட்டியால் கோடு போட்டார். என்னைப் பார்த்து, “நான் சக்கரத்தைச் சுற்றுகிறேன், நீங்கள் இந்தக் கோட்டை எண்ணுங்கள் ஐயா” என்றார். சக்கரக் குடம் இருபது முறை சுற்றியது. முகப்பின் கோடு நாற்பத்தேழு முறை வந்து போயிற்று.

“நாற்பத்தேழு என்றால் சரி. இது நான்கு புள்ளி ஏழு” என்றார்.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. இருபதால் வகுத்தால் 2.35 அல்லவா வர வேண்டும்? அவர் விளக்கினார். ஒரு சக்கரம் நின்றுகொண்டிருக்கும்போது, டிஃபரன்ஷியலின் பெரிய பற்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் மறு சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றும். ஆகவே சக்கரத்தின் இருபது சுற்று என்பது பெரிய பற்சக்கரத்தின் பத்துச் சுற்று. பத்துக்கு நாற்பத்தேழு, ஒன்றுக்கு 4.7.

“ஏன் இருபது? இரண்டு சுற்றுப் போதுமே?” என்றேன்.

“இரண்டு சுற்றினால் கோடு நடுவழியில் நிற்கும், ஐயா. கண்ணால் மதிப்பிட்டுப் புள்ளி போட வேண்டும். புள்ளி எனக்கு அப்பொழுதே வராது. இருபது சுற்றினால் புள்ளியே இல்லை” என்று சிரித்தார்.

பிறகு வண்டியின் முன் அச்சிலும் அதே சோதனையைச் செய்தார். கியரை நடுநிலையில் வைத்து, ஒரு சக்கரம் தரையிலிருக்க மறு சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினார். அங்கும் நாற்பத்தேழு. அதன் பிறகே வெட்டும் கருவியைக் கையில் எடுத்தார்.

தசமத்தைத் தவிர்க்கத் தானே ஒரு வழி கண்டவர் விகிதத்தின் உட்பொருளை முழுமையாகப் பற்றியிருக்கிறார். தேர்வுத்தாள் அவரிடம் புள்ளியை எங்கே வைப்பது என்று கேட்டது. வாழ்க்கை அவரிடம் விகிதம் என்றால் என்ன என்று கேட்டது.

வெட்டலும் ஒட்டலும்

நீள வண்டியின் பின் அச்சு குட்டை வண்டியில் அப்படியே அமராது. குட்டை வண்டியில் பட்டை வில்கள் அடிச்சட்டத்துக்கு நேர் கீழே உள்ளன. நீள வண்டியில் சட்டத்துக்கு வெளிப்புறமாக உள்ளன. ஆகவே வில் அமரும் இருக்கைகளை அச்சுக்குழாயிலிருந்து வெட்டி எடுத்து, வேறிடத்தில் பற்றவைக்க வேண்டும்.

அதிலும் ஒரு நுட்பம். இருக்கையின் சாய்வு சிறிது பிசகினாலும் அச்சின் மூக்கு மேலோ கீழோ திரும்பிவிடும். உந்துதண்டின் இரு முனைகளிலும் மூட்டுகள் உள்ளன. இரண்டின் கோணமும் சமமாக இருந்தால்தான் ஒன்றின் ஏற்றத்தாழ்வை மற்றொன்று ஈடுசெய்யும். இல்லையேல் தண்டு அதிரும். மாணவர் முதலில் புள்ளி புள்ளியாக மட்டும் ஒட்டினார். வண்டியை அதன் சொந்தப் பாரத்தில் நிற்கவைத்துக் கோணத்தை அளந்தார். மறுபடி அளந்தார். அதன் பிறகே முழுமையாகப் பற்றவைத்தார். அதையும் ஒரே மூச்சில் செய்யவில்லை. இப்பக்கம் ஒரு விரல் நீளம், அப்பக்கம் ஒரு விரல் நீளம், பிறகு ஆறவிடுவது. ஓரிடத்தில் சூடு ஏறினால் குழாய் வளைந்துவிடும் என்றார். தண்ணீர் ஊற்றி ஆற்றலாமே என்று மைத்துனர் கேட்டதற்கு, “அவசரமாக ஆற்றினால் இரும்பு வெடிப்புக் காணும், அண்ணே” என்றார்.

சாலிஸ்பரியின் மூக்கு நீளமானதால் உந்துதண்டைக் குறைக்க வேண்டியிருந்தது. அதை ஈப்போவில் ஒரு கடைசல் பட்டறைக்கு அனுப்பி, வெட்டி ஒட்டிச் சமன் செய்து வாங்கினார். குழாய் பருமனானதால் பழைய யூ போல்ட்டுகளும் சேரவில்லை, பெரியவை வாங்கப்பட்டன. ஓர் உறுப்பை மாற்ற முனைந்தால் அதைத் தொட்டிருக்கும் உறுப்புகள் ஒவ்வொன்றாக முன்வந்து நிற்பதைக் கண்கூடாகக் கண்டேன்.

பிரேக் சொன்ன பாடம்

ஏழாம் நாள் அச்சு இடத்தில் அமர்ந்துவிட்டது. மைத்துனர் வண்டியை எடுத்துச் செல்ல ஆயத்தமானார். மாணவர் சாவியைத் தரவில்லை.

குட்டை வண்டியின் பிரேக் டிரம் 10 அங்குல விட்டமுடையது. புதிய அச்சோடு வந்த டிரம் 11 அங்குலம். பின்னால் பெரியதும் முன்னால் சிறியதுமாக விட்டால், இறக்கத்தில் மிதிக்கும்போது பின் சக்கரங்கள் முதலில் இறுகி நிற்கும். பின் சக்கரம் இறுகி வழுக்கினால் வண்டியின் வால் பக்கவாட்டில் சுழன்றுவிடும். ஆகவே அச்சைத் தந்த அதே வண்டியின் முன் பிரேக்குகளையும் எடுத்துப் பொருத்த வேண்டும் என்றார்.

“அச்சுக்காகத்தானே வந்தோம்?” என்றார் மைத்துனர்.

“ஏறுவதற்கு அச்சு, அண்ணே. இறங்குவதற்குப் பிரேக்.”

இன்னும் இரண்டு நாள் ஆயிற்று. பிறகு ஈரமான சரளைக்கல் திடலில் ஓட்டிப் பிரேக் பிடித்து, முன் சக்கரங்கள் முதலில் இறுகுவதைப் பார்த்தபின்தான் மனநிறைவடைந்தார்.

இங்கு ஒரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் வாகனத்தின் கட்டமைப்பை மாற்றுவதற்குச் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் தேவை. ஒப்புதலின்றிச் செய்த மாற்றம் விபத்து நேர்ந்தால் காப்புறுதிக் கோரிக்கையிலும் சிக்கலை உண்டாக்கலாம். அதற்கான ஆவணங்களை ஆயத்தம் செய்யுமாறு மாணவரே வலியுறுத்தினார்.

கூடைக் கணக்கு

சாவியைத் தருமுன் அவர் செய்த கடைசி வேலையே இப்பதிவை எழுதத் தூண்டியது. ஓட்டுநர் கதவின் உட்புறத்தில் வெள்ளைச் சாயத்தால், எத்தனைக் கூடை ஏற்றலாம் என்று எழுதிவிட்டார். அது முன்பு ஏற்றி வந்ததைக் காட்டிலும் குறைவு. இவ்வகைக் குட்டை வண்டி சுமார் அரை டன் சுமைக்காகச் செய்யப்பட்டது என்பதை அடிப்படையாகக் கொண்டு போட்ட கணக்கு அது.

மைத்துனருக்குச் சினம் வந்தது. “இவ்வளவு செலவழித்துப் பெரிய அச்சுப் போட்டது எதற்கு? கூடுதலாக ஏற்றத்தானே?”

மாணவர் குரலை உயர்த்தவில்லை. “பின் அச்சு மட்டும்தான் மாறியது, அண்ணே. சட்டம் மாறவில்லை. கியர் பெட்டி மாறவில்லை. பாதையும் மாறவில்லை. முன்பு சுமை மிகுந்தால் முதலில் முறிந்தது அரைத்தண்டு. விலை மலிவு, அரை மணியில் மாற்றலாம். இனி அது முறியாது. ஆனால் விசை எங்கே போகும்? அடுத்து எது பலவீனமோ அதைத் தேடிப் போகும். அது கியர் பெட்டியாக இருந்தால் உங்களுக்குச் செலவு. முன் அச்சாக இருந்தால் ஏறும் வழியில் நின்றுபோகும். நீங்கள் பழைய சுமையைப் பாதுகாப்பாகக் கொண்டுபோகத்தான் இந்த அச்சு. புதிய சுமைக்கு இல்லை.”

மைத்துனர் நெடுநேரம் பேசாமல் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அச்சரிவில் விலகிக் குதித்த தொழிலாளியின் நினைவு அவருக்கு வந்திருக்கக்கூடும். எழுத்தை அழிக்கச் சொல்லவில்லை. இரண்டாண்டுக்கும் மேலாகிவிட்டது, அவ்வெழுத்து இன்றும் கதவில் இருக்கிறது. அரைத்தண்டு முறியவில்லை. கூடைகள் மிகுந்தால் இரண்டு நடையாகப் போகிறார்.

நமக்கு இதில் என்ன?

வலியறிதல் என்றால் வலிமையைக் கூட்டுதல் என்று பொருளன்று. உள்ள வலிமையை அளந்து அறிதல். வண்டி முறியும்போது நமக்கு முதலில் தோன்றுவது இன்னும் வலிய உறுப்பைத் தேடும் எண்ணமே. அது தவறில்லை. ஆனால் அவ்வுறுப்பு வந்தபின் விசை எங்கே செல்லும், எது அதனோடு ஒத்துப்போக வேண்டும், இறக்கத்தில் எது தாங்கும் என்று கேட்பவரே உண்மையில் வலியறிந்தவர்.

பெற்றோர்களே, பிள்ளை கணிதத்தில் தளர்ந்தால் கணிதத்துக்கு ஒரு துணைப்பாட வகுப்பு. அது தேறியதும் அறிவியலுக்கு ஒன்று. மாலையில் ஒன்று, இரவில் ஒன்று. ஓரிடத்தில் வலுவேற்றினோம் என்று மகிழ்ந்து அதன் மேல் புதிய கூடைகளை ஏற்றுகிறோம். பிள்ளையின் உறக்கமும் ஊக்கமும் மாறாத அடிச்சட்டம் போன்றவை என்பதை மறந்துவிடலாகாது. முறிவும் ஒரு நாளில் நேர்வதன்று. வழவழப்பான வளையங்கள் உள்ளே விரிந்துகொண்டிருக்கும். அவற்றை முன்னதாகவே காண முயல்வோம்.

கைத்திறன் படிப்பை நாடும் பிள்ளைகளையும் தாழ்வாக எண்ண வேண்டா. பட்டறையில் அந்த ஒன்பது நாளும் நான் கண்டது விகிதம், கோணம், விசை, வெப்பம் ஆகிய அனைத்தையும் கையால் சிந்திக்கும் ஓர் அறிவு. சாவியைத் தர மறுத்த அந்தப் பொறுப்புணர்வோ எந்தச் சான்றிதழிலும் எழுதப்படாதது.

ஆசிரியர்களே, மேல்நிலை வகுப்பில் விகிதம் கற்பிக்கும்போது ஒரு மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்துங்கள். மிதிப்பானிலும் பின் சக்கரத்திலும் சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். மிதிப்பானை மெதுவாகப் பத்துச் சுற்றுச் சுற்றச் செய்து, சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்று மாணவர்களை எண்ணச் சொல்லுங்கள். பிறகு இரு பற்சக்கரங்களின் பற்களை எண்ணி வகுத்துப் பார்க்கட்டும். இரண்டு விடைகளும் ஒத்துவரும்போது அவர்களின் முகத்தைக் கவனியுங்கள். தசமப் புள்ளியில் தடுமாறும் மாணவருக்கே எண்ணும் பொறுப்பைக் கொடுங்கள்.